சுருட்டை முடியும் கூலிப் புகழ்ச்சியும்

சென்னையினின்றும் புதுச்சேரி நோக்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே செல்வோர், மரக்காணத்தை அணுகியதும் உப்பளத்து வெள்ளைக் குவியல்களைக் கண்டு, பேருந்தின் சாளரத்து வழியே கைப்பேசியை நீட்டிப் படம் பிடித்துக்கொள்வர். அக்குவியலைக் குவித்த மகளிரின் தலையை நோக்குவார் அரியர். பாத்தியிலே பலகை கொண்டு வாரிய உப்பு, கூடையில் ஏறி, தலைமேற் சும்மாட்டில் அமர்ந்து, வரப்பு வழியே கரை சேரும். கூடையினின்றும் வடியும் உவர்நீர் சும்மாட்டை நனைத்து, முடியை நனைத்து, பிடரி வழியே இழியும். மாலையில் வீடு திரும்பும் அம்மகளிரின் முடி, உலர்ந்த வைக்கோலைத் தொட்டாற்போல் இருக்கும். எம் அன்னையாரும் அவருள் ஒருவர். அவர் முடி சுருட்டை. எம் முடியும் அதுவே.

தலைமுடியைப் பற்றிக் கல்லூரி மலரிலே எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைக்கும். தமிழ்ச் சிறப்பு வகுப்பினர்க்கு வேறு பொருள் கிட்டாமற் போயிற்றோ என வினவுவாரும் உளராவர். கூந்தலை நீக்கிவிடின் நம் அகத்திணை நூல்களிற் பல பக்கங்கள் வெறுமையாய்விடும் என்பதே அன்னார்க்கு எம் விடை. மயிரைப் பின்னுதல் முதலிய புற அலங்காரம் வேண்டா என்று பேதுரு எழுதிய நிருபத்தை நினைவூட்டுவாரும் இருத்தல் கூடும். யாம் அலங்காரம் வேண்டினோமல்லோம். பிறந்தவாறே இருக்க விடுமின் என்று கேட்கின்றோம். அன்றியும் இவ்விஷயம் முடியளவில் நிற்பதன்று. ஏழை வீட்டுப் பணம் எவர் சொற்கேட்டு எவ்வழியாய் வெளியேறுகின்றது என்னும் வினாவும் இதனுள் அடங்கியுள்ளது.

சென்ற ஆண்டு எம் பெரியப்பா மகளுக்குத் திருமணப் பேச்சு நிகழ்ந்தது. அக்காளின் நிழற்படத்தைக் கண்ட மாப்பிள்ளை வீட்டார், “பெண் இலட்சணமாக இருக்கிறாள், தலைதான் கொஞ்சம் பரட்டை” என்று தரகர் வாயிலாகச் சொல்லியனுப்பினர். அச்சொல் வந்த நாள்முதல் அக்காள் கைப்பேசியைக் கீழே வைத்திலள். காணொளியொன்றில், தன் சுருட்டை முடியை நேராக்கிக்கொண்ட பெண் ஒருத்தி, “உங்க கூடப் பிறந்தவ மாதிரி சொல்றேன்” என்று தொடங்கி, ஒரு மருந்தின் பெயரையும் அதனை இடும் முறையையும் இனிமையாய் எடுத்துரைத்தாள். அக்காள் நம்பினாள். அருகிலுள்ள நகரத்து அழகு நிலையம் ஒன்றில் ரூ. 5,000 கொடுத்து, ஐந்து மணி நேரம் அமர்ந்து எழுந்தாள். அத்தொகை உப்பளத்திலே பத்து நாளைக்கு மேற்பட்ட கூலி. அதிற் பாதி எம் அன்னையாரிடம் கைமாற்றாய்ப் பெற்றது. மூன்றாம் நாள் காதின் பின்புறம் கொப்புளம் கண்டது. மாதம் ஒன்று கழியுமுன் உச்சி முடி ஒடிந்து உதிரத் தொடங்கிற்று. நான்காம் மாதம் வேர்ப்பக்கத்து முடி பழையபடியே சுருண்டெழுந்து, தலையிலே இரண்டு பெண்களின் முடியை ஒட்டவைத்தாற் போன்ற கோலம் உண்டாயிற்று. பெண் பார்க்க வந்தோர் இதற்கிடையே வந்தனர், உண்டனர், முடியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாது சென்றனர். பேச்சு நகைக் கணக்கிலே முறிந்தது.

யாம் சினந்து அக்காணொளியைப் பழித்தபோது அக்காள், “அந்தப் பொண்ணு பார்க்க நல்லவளாத்தான் இருந்தா” என்றாள். இக்கட்டுரைக்கு வித்து அவ்வொரு வாக்கியமே.

பரட்டை என்று இகழப்படும் இம்முடிக்கு நம் மொழி வேறு பெயர்கள் வைத்திருக்கின்றது. குழலுதல் என்பது சுருளுதல். மகளிர் கூந்தலுக்குப் புலவர் மிகுதியாய் வழங்கும் குழல் என்னும் சொல்லிலேயே அச்சுருள் ஒளிந்து கிடக்கின்றது. சுரியல் என்பதும் சுருண்ட முடியே. வடமொழியினின்றும் வந்த அளகம் என்னும் சொற்கும் அம்மொழியிற் சுருண்ட கூந்தல் என்பதே பொருள். கூந்தலை ஐவகையாய் முடித்தலால் ஐம்பால் என்பர். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்று உரைகாரர் அவ்வைந்தனையும் எண்ணுங்கால் சுருளும் அவற்றுள் ஒன்றாய் நிற்கின்றது. இனி, சங்கப் புலவர் கூந்தலுக்கு உவமையாக ஆளும் அறல் என்பது யாது? ஆற்று நீர் ஒழுகிய மணலிலே வரிவரியாய்ப் படிந்த அலைச்சுவடு. இரும்பை இட்டு நேராக்கிய முடிக்கு அவ்வுவமை எங்ஙனம் பொருந்தும் என்பதை, இற்றை விளம்பரம் எழுதுவோர்தாம் கூறுதல் வேண்டும்.

எம் கடற்கரைக்கு இன்னும் நெருங்கிய சான்று ஒன்றுண்டு. ஓய்மாநாட்டு நல்லியக்கோடனைப் பாடியது சிறுபாணாற்றுப்படை. அதனுள் வரும் எயிற்பட்டினம் இற்றை மரக்காணமே என்பது ஆராய்ச்சியாளர் பலர் கருத்து. அந்நூலாசிரியராகிய நல்லூர் நத்தத்தனார், வழிநடந்து இளைத்த விறலியரைப் புனையத் தொடங்குங்கால் முதற்கண் எடுத்துக்கொண்டது அவர்தம் கூந்தலையே. நெய் தோய்ந்து இருண்டு, மழை இறங்கினாற்போல் வீழும் கூந்தல் அது. பின்னர்க் கொற்கையைக் கூறுமிடத்து உப்பு வாணிகராகிய உமணரின் மகளிர் வருகின்றனர். அவர்க்கும் முதுகை மறைத்து அசையும் ஐம்பாலை அப்புலவர் மறவாது அளித்துள்ளார். உப்பு விற்கும் வீட்டுப் பெண்ணின் முடி அவர் கண்ணுக்குப் பரட்டையாய்த் தோன்றவில்லை போலும்.

மறைநூலிலும் இதற்கு இடமுண்டு. உன்னதப்பாட்டின் 5-ஆம் அதிகாரத்திலே மணவாட்டி தன் நேசரைப் புகழுங்கால், அவர் முடியைக் காக்கைக் கருமை உடையதென்றும் சுருள் சுருளாய் இருப்பதென்றும் கூறுகின்றாள். எம் வீட்டுச் சுவரிலுள்ள நாட்காட்டிக் கிறிஸ்துநாதர்க்கோ தோள்வரை வழுவழுவென வீழும் செம்பட்டை முடி. இரண்டனுள் எதனைக் கண்டு யாம் வளர்ந்தோம் என்பது சொல்லாமலே விளங்கும்.

எனின், இவ்விகழ்ச்சி எங்கிருந்து வந்தது? ஒரே ஊற்றினின்றும் வந்ததாகக் கூற இயலாது. மக்களை மூக்காலும் முடியாலும் அளந்து வகுத்த காலம் ஒன்றிருந்தது. சென்னை அருங்காட்சியகத்தின் மேலாளராயிருந்த எட்கர் தர்ஸ்டன் 1909-இல் ஏழு தொகுதியாய் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களைப் பற்றிய நூலிலே, மூக்கின் அளவும் முடியின் வடிவும் குறிப்புகளாய் நிற்கின்றன. அக்காலத்தோடு அஃது ஒழிந்துவிடவில்லை. இன்று அழகு நிலையத்து வாயிலில் தொங்கும் இரட்டைப் படத்தைக் காண்க: ‘முன்’ என்ற படத்திலே எப்பொழுதும் சுருட்டை முடி, வாடிய முகம், ‘பின்’ என்ற படத்திலே நேரான முடி, சிரித்த முகம். 1977-இல் வெளிவந்த ‘16 வயதினிலே’ திரைப்படத்து ஊர்ப்போக்கிரியின் பெயரே பரட்டை என்பது. பள்ளியிலே எமக்கு வழங்கிய பெயர்கள் குருவிக்கூடு, தேங்காய்நார் என்பன. அவற்றை வழங்கினோருட் சிலர் இன்றும் எம் நண்பர்.

இதனினும் வியப்பு, நேர்முடி உடையோர் சுருளுக்காகப் பட்ட பாடு. ஜெர்மானியராகிய கார்ல் நெஸ்லர் என்பார் இலண்டனிலே 1906-இல், நேரான முடியை நிலையாய்ச் சுருட்டும் பொறியொன்றைக் காட்டினார். முன்னர் அதனைத் தம் துணைவியாரிடம் சோதித்தபோது அவ்வம்மையாரின் முடி எரிந்துபோயிற்று. மேனாட்டு மாதர் அதன்பின்னும் பணங்கொடுத்து அப்பொறியின்கீழ்ப் பல மணி நேரம் அமர்ந்தனர். ஆங்கில நாட்டு வழக்கறிஞர் குதிரைமயிரைச் சுருட்டிக் கட்டிய பொய்ம்முடியை இன்றும் தலைமேல் தாங்குகின்றனர். அவ்வகைக்கு ஹம்ஃப்ரி ரேவன்ஸ்கிராஃப்ட் உரிமை பெற்ற ஆண்டு 1822. குதிரையின் சுருள்மயிர் நீதிக்கு அடையாளமாம். உப்பளத்துப் பெண்ணின் சுருள்முடி சோம்பலுக்கு அடையாளமாம்!

முடியை நேராக்குதல் என்பது உண்மையில் யாது செய்தல் என்பதைச் சிறிது அறிதல் நலம். முடி, கெராட்டின் என்னும் புரதத்தாலாயது. வேர்ப்பை நேராய் நிற்பின் முடி நேராயும், வளைந்து நிற்பின் சுருண்டும் வளரும். அவ்வடிவைக் காப்பன இருவகைப் பிணைப்புகள். ஐட்ரஜன் பிணைப்பு நீர் பட்டதும் அவிழும், உலர்ந்ததும் முடியும். சூடான இரும்பு நேராக்குவது இதனை மட்டுமே. ஆதலின், கிறிஸ்துமஸ் காலையிலே இரும்பிட்டு நேராக்கிய முடி, எம் ஊர்க் கடற்காற்றில் ஆராதனை முடியுமுன்னரே சுருண்டுவிடும். கந்தகப் பிணைப்போ வலியது. அதனை முறிக்க வல்ல காரமருந்து, தோலையும் புண்படுத்த வல்லது. அவ்வாறு முறித்தும் பயன் சின்னாட்களே. வேர்ப்பை வளைந்தே இருத்தலின், மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு செண்டிமீட்டராய் வளரும் புதுமுடி மீளவும் சுருளும். அழகு நிலையத்தார்க்கு இதனினும் நல்ல வாடிக்கை யாண்டுக் கிடைக்கும்?

சில நேராக்கு மருந்துகள் சூடேற்றுங்கால் ஃபார்மால்டிஹைடு என்னும் ஆவியை வெளிவிடுவன. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை அதனை மனிதர்க்குப் புற்று விளைப்பதென வகுத்துள்ளது. அமெரிக்காவிலே 33,497 மகளிரை ஏறத்தாழ 11 ஆண்டு தொடர்ந்து நோக்கிய ஆய்வொன்று 2022-இல் வெளிவந்தது. நேராக்கு மருந்தைத் தொடாதாருள் 70 வயதிற்குள் கருப்பைப் புற்று காண்பவர் நூற்றுக்கு 1.64 எனவும், அடிக்கடி இட்டுக்கொள்வாருள் 4.05 எனவும் அதில் மதிப்பிட்டுள்ளனர். இவ்வாய்வு தொடர்பைக் காட்டுவதேயன்றிக் காரணத்தை நிறுவுவதன்று. அவ்வேறுபாட்டை ஒளித்து இவ்வெண்களை உரைப்பின், யாமும் அக்காணொளிப் பெண்ணின் வகையிலேயே சேர்வோம். 2024-இல், முடியை நேராக்கிக்கொண்ட ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பழுதுற்ற 26 வயதுப் பெண்ணொருத்தியின் செய்தியைப் பிரெஞ்சு மருத்துவர் வெளியிட்டனர்; அம்மருந்திலே கிளைஆக்ஸிலிக் அமிலம் இருந்தது. ஒரு மருத்துவ இதழிலே சில பத்திகளில் அடங்கிய செய்தி. அதனை எம் அக்காள் படித்திருக்க வழியில்லை.

இனி, காற்று மறுபக்கம் வீசத் தொடங்கியுள்ளது. லோரெய்ன் மாஸி என்னும் அம்மையார் சுருட்டை முடியைச் சுருட்டையாகவே பேணும் முறையைப் பற்றி நியூயார்க்கிலிருந்து 2001-இல் எழுதிய நூல் உலகெங்கும் பரவி, இந்நாட்டு இளம்பெண்களையும் எட்டியது. சல்ஃபேட் கலந்த நுரைநீர் வேண்டா, சிலிக்கோன் வேண்டா, சீப்பை ஈர முடியிலன்றி இடவேண்டா என்பன போன்ற விதிகள் இன்று விடுதி அறைகளிலும் பேசப்படுகின்றன. முடியை மறைத்து வாழ்ந்த பெண்கள் அதனை அவிழ்த்துவிட்டு வகுப்பிற்கு வருதலைக் காண எமக்கு மகிழ்ச்சியே. எனினும் ஒன்று கண்டோம். நேற்றுவரை நேர்மையை விற்ற அதே அங்காடி (முடியின் நேர்மையைச் சொல்கின்றோம்; மற்றை நேர்மையை அஃது என்றும் விற்றதில்லை) இன்று சுருளை விற்கின்றது. அன்று ஒரு மருந்தாற் போயிற்று. இன்று நுரைநீர், பதனி, களிம்பு, கூழ், பட்டுத் தலையணை உறை என ஐந்தாறு வேண்டுமாம்.

அவற்றுள் எம்மைத் திகைக்க வைத்த பொருள் ஒன்றுண்டு: கடலுப்பு நீர். முடிக்கு அலையும் அடர்த்தியும் தருமென்று சிறு புட்டியில் அடைத்துத் தெளிக்கத் தருகின்றனர். அதனைக் கைப்பேசியில் எம் அன்னையார்க்குக் காட்டினோம். அவர் நெடுநேரம் நோக்கி, “இதைத்தானே நான் தினமும் கழுவிக்கிட்டிருக்கேன்” என்றார். நுரைநீர்ப் புட்டியின் பின்புறத்து எழுத்தைப் படித்துக்காட்டியபோது இன்னொரு வியப்பும் நேர்ந்தது. சோடியம் குளோரைடு என்று அங்கே எழுதியிருப்பது உப்பேயாகும். நுரைநீரைக் கெட்டியாக்க அதனை இடுவர். உப்பளத்து வீட்டார் தம் உப்பையே விலைகொடுத்து வாங்கித் தலையில் தேய்த்துக்கொள்ளும் விந்தை இது.

தமிழ் படிப்போர்க்கு இவ்விடத்தே ஒன்று தோன்றாதிராது. திணை என்பது நிலமும் பொழுதும் பற்றியது; குறிஞ்சிப் பூவை நெய்தலிற் கொண்டுவந்து வைப்பின் ஆசிரியர் சும்மா விடார். நியூயார்க்கிற் பிறந்த முடி விதியோ நிலம் கேளாமல் மரக்காணத்துக்கு வந்துவிடுகின்றது. எம் ஊர் ஆழ்துளைக் கிணற்று நீர் உவர்நீர். சோப்பு நுரைக்க மறுத்து, வெண்படலமாய் முடியிலே ஒட்டிக்கொள்ளும். காற்றிலே ஈரமும் உப்பும் ஓயா. வெயிலில் உழைப்போர்க்கு வியர்வை மிகுதி. இந்நிலையில், நுரைநீரை ஒழித்துப் பதனியால் மட்டும் கழுவுக என்னும் விதியை இருமாதம் பின்பற்றியதில், எமக்குச் சுருளும் மிஞ்சவில்லை. தலை அரிப்புத்தான் மிஞ்சிற்று. விதி பொய்யன்று, திணை மயங்கிற்று. காவிரிக் கரையிலே ஒருத்திக்கு நன்றாய் வாய்த்த சீயக்காய் இவ்வுவர்நீரில் அங்ஙனமே வாய்க்கும் என்றும் கூறுதற்கில்லை. பரிந்துரைப்போர் தம் முடியைக் காட்டினாற் போதாது. தம் கிணற்றையும் காட்டல் வேண்டும்.

அங்ஙனமாயின் யாரை நம்புவது? இவ்வினாவிற்கு நம் பழங்கதையொன்று துணை செய்கின்றது. மகளிர் கூந்தலுக்கு மணம் இயற்கையா, மலராலும் நெய்யாலும் வந்ததா என்பது பாண்டியனுக்கு எழுந்த ஐயம். தீர்க்கும் பாட்டுக்குப் பொற்கிழி பரிசு. தருமி என்னும் ஏழை, இறைவன் இயற்றித் தந்த பாட்டை ஏந்தி வந்து அவையிற் படித்தான். நக்கீரர் அதிற் குற்றம் கண்டார். எழுதியவன் இறைவனே என்று தெரிந்தபின்னும் தம் தீர்ப்பை மாற்றிலர். திருவிளையாடற் புராணத்துள் பலரும் அறிந்த இக்கதையை, முடிப் பொருள்களுக்கான பரிந்துரைகளின் கதையாகவே யாம் இப்பொழுது படிக்கின்றோம். பிறர் எழுதித் தந்ததைப் பொன்னுக்காகப் படிப்பவன் தருமி. அவன்மேல் எமக்குச் சினமில்லை. அவன் வறுமை அத்தகையது. காணொளிப் பெண்ணும் பெரும்பாலும் அத்தகையளே. அவள் சுட்டும் இணைப்பு வழியே நாம் வாங்குந்தோறும் அவளுக்குத் தரகு உண்டு. ஆனால் ஆயிரம் தருமியர் நிறைந்த அவையிலே ஒரு நக்கீரரேனும் இல்லையெனின் யாது செய்வது?

சட்டம் உறங்கவில்லை என்பதையும் கூறல் கடன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பொய்யான விளம்பரத்துக்குத் துணைபோவோர்க்கு ரூ. 10 இலட்சம் வரையும், மீண்டும் செய்யின் ரூ. 50 இலட்சம் வரையும் தண்டம் விதித்தல் கூடும். ஓராண்டு வரை பரிந்துரைத்தலினின்றும் விலக்கலும் கூடும். இந்திய விளம்பரத் தரக் கழகம் 2021-இலும், நடுவண் அரசின் நுகர்வோர் துறை 2023 ஜனவரியிலும், காசோ பரிசோ இலவசப் பொருளோ பெற்றுக்கொண்டு புகழ்வோர் அதனை வெளிப்படையாய்ச் சொல்லவேண்டுமென விதி வகுத்தன. விளம்பரத்தின் அடியில் இடும் விலக்குரை அவ்விளம்பரத்தின் மொழியிலேயே இருத்தல் வேண்டும் என்பது 2022 ஜூன் மாதத்து நெறிமுறை. இத்துணை இருந்தும், கூலிக் குறிப்பு தமிழ்க் காணொளிகள் பலவற்றின் மூலையிலே கடுகளவான ஆங்கில எழுத்தில் ஒடுங்கிக் கிடக்கின்றது. எம் அக்காள் கண்டதில் அதுவும் இருந்ததா என்று பின்னர்த் தேடினோம், காணொளியே நீக்கப்பட்டிருந்தது.

கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பு என்பதைப் பள்ளி நாளிலேயே மனப்பாடம் செய்தோம். உப்பு நிறுக்கும் தராசில் கல்லைக் கண்ணாற் காணலாம். சொல்லை நிறுக்கும் தராசில் அதனைக் காண்டல் அரிது. ஆயினும் யாம் கண்ட அளவில் ஒரு குறி உண்டு. தனக்குப் பயன்படாததையும் கூறுபவள் பெரும்பாலும் நம்பத்தக்கவள். வாரந்தோறும் புதுப்பொருளைக் கண்டு, வாரந்தோறும் வாழ்க்கையே மாறியதாய் வியப்பவளை நம்புதற்கில்லை. ஒரு முடி எத்துணை முறைதான் மாறும்?

இயற்கைப் பொருள் என்று எழுதிவிட்டாற் போதும் என்பாரையும் இதே தராசில் நிறுத்தல் வேண்டும். செம்பருத்தி இலைக் கூழும் வெந்தயக் கூழும் வழுவழுப்பினால் சுருளை நன்கு பிரித்துத் தருவன. இஃது எம் பட்டறிவு. சீயக்காயின் நுரை அதன்கண் உள்ள சப்போனினால் வருவது. சுருண்ட முடியின் வழியே தலையின் இயற்கை நெய் எளிதில் இறங்காது. ஆதலின் நுனி வறளும், எண்ணெய் வேண்டும். விறலியரின் நெய் தோய்ந்த கூந்தலைப் பாடிய புலவர் வீண்புனைவு செய்திலர். ஆனால் எலுமிச்சைச் சாற்றை முழுமையாய்த் தலையிலிட்டு வெயிலில் நின்ற எம் தோழியின் தலைத்தோல் எரிந்ததும் இயற்கையாலேயே. பாட்டி சொன்னாள் என்பதும் ஒரு விளம்பரமாய்விட்ட காலம் இது. புட்டியின்மேல் அச்சடித்த பாட்டி நம் பாட்டி அல்லள்.

நேர்முடியே வேண்டுமென விரும்புவோரைத் தடுக்க யாம் யார் என்று தோழியர் சிலர் கேட்டனர். தடுக்கவில்லை. மருந்தின் பெயரும் அதன் விளைவும் விலையும் அறிந்து, தன் பணத்தாலே, தன் மகிழ்ச்சிக்கென்று ஒருத்தி செய்வாளாயின் அஃது அவள் உரிமை. தரகர் வாயிலாய் வந்த ஒரு சொல்லுக்காகக் கடன்பட்டுச் செய்வதை உரிமை என்று பெயரிட்டழைக்க எமக்கு மனம் ஒப்பவில்லை.

இதனையெல்லாம் பேசிப் பேசி, சென்ற பருவத்திலே எம் விடுதியில் யாம் ஒன்பது பேர் ஒரு குறிப்பேடு தொடங்கினோம். நிறுவனத்தார் தந்த இலவசப் பொருளைப் பற்றி அதில் எழுதலாகாது. எழுதுவோள் தன் ஊரையும், ஊர் நீர் உவரா நன்னீரா என்பதையும், தன் முடி அலையா சுருளா நெருங்கிய சுருளா என்பதையும், தான் கொடுத்த விலையையும், எத்தனை முறை கழுவியபின் இக்கருத்துக்கு வந்தாள் என்பதையும் குறித்தல் வேண்டும். நான்கு முறைக்குக் குறையின் எழுதலாகாது. பயன்படாதவற்றுக்கு ஏட்டின் பின்பக்கத்தை ஒதுக்கினோம். இப்பொழுது பின்பக்கமே விரைவாய் நிரம்பி வருகின்றது. முன்பக்கத்தில் இதுகாறும் ஏறியவை ஏழே. அவற்றுள் மூன்று கடையில் வாங்கியவை, நான்கு அடுக்களையில் இருந்தவை. நேர்முடி உடைய தோழி ஒருத்தியும் தன் பொடுகைப் பற்றி எழுத இடங்கேட்டாள், கொடுத்தோம்.

விடுமுறைக்கு ஊர் சென்றபோது அவ்வேட்டை உடன்கொண்டு சென்றோம். அக்காள் அதனைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தன் அனுபவத்தைப் பின்பக்கத்தில் தானே எழுதினாள்: மருந்தின் பெயர், விலை ரூ. 5,000, காதின் பின்புறத்துத் தழும்பு, முடி ஒடிந்த மாதம். அன்னையாரையும் ஒன்று எழுதச் சொன்னோம். அவர்க்கு எழுதுவது பழக்கமன்று. அவர் சொல்ல யாம் எழுதினோம். உப்பளத்தினின்றும் வந்தவுடன் எண்ணெய் வைக்காதே. முதலில் நல்ல தண்ணீரில் அலசு. நல்ல தண்ணீர்க் குடம் மிச்சமில்லையென்றால் அன்றைக்குத் தலையை விட்டுவிடு. விலை என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டோம். “ஒரு குடம் தண்ணி” என்றார். முப்பது ஆண்டாகக் கழுவியதாகவும் சொன்னார். அதனையும் அவ்வாறே குறித்துக்கொண்டோம்.